பாரம் ஏற்றும் முன்

கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டை மாற்றப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருக்கும் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று. பலர் கேட்பது மானிட்டர் அணைந்த பிறகுதான். வாட் கணக்காகப் பார்க்கப்படும் இந்தக் கேள்வி அறத்தைச் சேர்ந்தது என்பது என் கட்சி. துணைக்குச் சமணத்தை அழைக்கிறேன். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணிப் பக்கத்துக்கு அது வெளியூர்ச் சரக்கல்ல. போளூர் போகும் வழியில் திருமலையில் சுமார் 16 மீட்டர் உயரத்தில் நேமிநாதர் பாறையோடு பாறையாக நிற்கிறார், தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சுற்று வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றன. தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பைச் சிதைப்பது, தீனி தண்ணீர் மறுப்பது, இவற்றோடு அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது. மிகுபொருள் விரும்பாமை என்று தனி விரதமே இருக்கிறது. மிகைப் பாரத்தைச் சூத்திரம் அதன் கீழ் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அது ஆசையின் கணக்கில் வராமல் இம்சையின் கணக்கில் வருகிறது.

சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால், கார்டும் பிராசசரும் நம்பியிருக்கும் அந்தத் தடத்தில் கிடைப்பது 360 வாட்தான், மிச்சம் 3.3, 5 வோல்ட் தடங்களையும் சேர்த்துக் காட்டிய கூட்டல். 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு அதில் ஓடிவிடும். 320 வாட் 3080-ஐ மாட்டி, பிராசசருக்கு 100 வாட் எழுதினால் கணக்கு அங்கேயே உதைக்கிறது. போதாக்குறைக்கு, கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறுகிய பொழுதில் தன் அளவைத் தாண்டி எகிறும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, குறித்த திறனைப் போல இரு மடங்கு வரை 100 மைக்ரோ நொடி தாங்கும் சப்ளையைக் கேட்டது இதனால்தான். அதாவது, தாங்குமா என்று அறியப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். இம்சைக்கு அதே சூத்திரம் சொல்லும் இலக்கணமும் இதையே தொடுகிறது: கவனம் தவறிய செயலால் உயிரை வருத்துவது. கொடுமை எண்ணம் வேண்டியதில்லை, பாராமல் செய்தாலே போதும்.

சப்ளைக்கு உயிர் ஏது என்று கேட்பீர்கள். சமணமே அதை உயிரற்றது என்ற பக்கத்தில்தான் வைக்கும். தகரப் பெட்டி கருகினால் பாவம் என்று நானும் சொல்ல வரவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கணக்குப் பார்ப்பவர் தன் காசுக்குப் பயந்து பார்க்கிறார். அது சாமர்த்தியம், அதில் தர்மம் எங்கே வந்தது? ஒத்துக்கொள்கிறேன். பாரம் ஏற்றுபவரும் நஷ்டப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை சாமர்த்தியமே போதும். இருவரும் வேறாகும் இடத்தில்தான் தர்மம் தேவைப்படுகிறது. அந்த இடம், நெசவாளர் காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழி.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்கும் டிசைன் இன்று கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிரம்புகிறது. அதிலிருந்து அட்டையில் துளை விழுகிறது, தறியின் தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் எந்தக் கொக்கி எழும்ப வேண்டும் என்பதை அட்டை சொல்கிறது. மோட்டார் பூட்டாத கைத்தறியில் அதை எழுப்புவது மின்சாரம் அல்ல, மிதியை அழுத்தும் கால். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் கயிறுகள் இறங்குகின்றன, கயிற்று நுனிகளில் நூலைக் கீழே இழுத்து வைக்கும் எடைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு மிதிக்கும் அட்டை சொன்ன கொக்கிகளின் கயிறும் எடையும் மேலே போக வேண்டும். 240 கொக்கிப் பெட்டியை இறக்கிவிட்டு 480 கொக்கிப் பெட்டியை ஏற்றினால் பார்டர் அகலமாகும், யானையும் அன்னமும் நெருக்கமாக வரும். சப்ளை அதே கால்தான்.

அப்படியானால் புது டிசைனே கூடாதா? சமண விரதம் இல்லறத்தானைத் துறவி ஆகும்படி சொல்லவில்லை. தன் அளவைத் தானே வரைந்துகொள்ளச் சொல்கிறது, அளவைப் பெருக்க வேண்டுமானால் முதலில் தாங்குவதைப் பலப்படுத்தலாம். ஜக்கார்டைத் தூக்கச் சிறு மோட்டார் பூட்டிய தறிகள் இருக்கின்றன. கார்டுக்கு முன் சப்ளையை மாற்றுவது போலத்தான் அது. நல்ல சப்ளை பாரம் மிஞ்சினால் தானே அணைந்துவிடுமே, காலுக்கும் வலித்தால் நிறுத்தலாமே என்றால், நிறுத்தலாம்தான். ஆனால் கூலி சேலைக்கு. அணைந்த பொழுதுக்குக் கூலி கிடையாது என்பதால் அந்தக் கால் அணைவதில்லை. பெரிய பார்டரைக் கேட்பவர் கடையின் வெளிச்சத்தில் முந்தியை விரித்துப் பார்க்கிறார். ஜரிகையின் எடையைக் கேட்கிறார். மிதியின் எடையைச் சொல்லும் ஸ்டிக்கர் சேலையில் இல்லை.