தீட்டும் கிருமியும்

குடிக்கிற தண்ணீரில் அசுத்தம் எங்கிருந்து வருகிறது? விஞ்ஞானம் ஒரு பதில் சொல்கிறது. சாதி இன்னொரு பதில் சொல்கிறது.

ஆய்வுக்கூடத்தில் தேடுவது ஈ.கோலை என்ற கிருமியை. மனிதர் குடலிலும் மாட்டின் குடலிலும் வாழ்வது. அது தெரிந்தால் தண்ணீரில் மலம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 100 மில்லி தண்ணீரில் அது தென்படவே கூடாது என்பது இந்தியத் தர விதி. அக்கிரகாரத்துக் குடலா, சேரிக் குடலா என்று கிருமி விசாரிப்பதில்லை.

சாதி விசாரிக்கும். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு வந்த மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். நகராட்சி 1924இலேயே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான். ஆடு மாடு குடித்தபோது வராத தீட்டு இவர்கள் கை பட்டதும் வந்துவிட்டது. சாணம், கோமியம், பால், தயிர் என்று 108 பானை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள் சாதி இந்துக்கள். யோசிச்சுப் பாருங்க. தாகத்துக்குக் குடிச்சவன் அசுத்தம் பண்ணினவனாம். சாணியக் கரைச்சவன் சுத்தம் பண்ணினவனாம்! தீட்டு என்பது தண்ணீரைப் பற்றிய கவலையே அல்ல. யார் மேலே, யார் கீழே என்கிற கவலை.

விஞ்ஞானம் வளர்ந்தால் தீட்டு தானாகப் போகும் என்கிறார்கள் சில தோழர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எங்கள் சேரி குழாயின் கடைசியில் இருக்கிறது. ஊர் பிடித்து முடித்த பிறகு எங்களுக்கு வருவது சொட்டுத் தண்ணி. அழுத்தம் குறைந்த குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். அங்கே கிருமி தானாக வரவில்லை. சேரியைக் கடைசியில் வைத்தவர்கள் அதற்கு வழி விட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மலம். டி.என்.ஏ. சோதனை வரை நடந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்த மக்களிலேயே மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. யார் செய்தது என்பது ஒரு கேள்வி. அதற்கு மூத்த கேள்வி ஒன்று உண்டு. யார் வீட்டுப் பிள்ளை இதைக் குடிக்கும் என்று, ஏறினவனுக்கு ஏறும்முன்பே தெரிந்தது எப்படி? ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி என்றால் அது தெரிந்திருக்காது. மலம் விழுவதற்கு முன்பே அந்தத் தண்ணீரில் சாதி கலந்திருந்தது.

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1996இல். நல்ல நீதி. குரோமிய உப்பிலே தோலைப் பதனிட்ட நம் சனத்துக்கு லாபம் வரல. 'தோல் நாத்தம்' என்கிற ஏச்சுதான் வந்தது. அந்த நீதியைத் தீட்டுக்கும் நீட்டச் சொல்கிறேன். தனித்தொட்டி கட்டினவர்கள், தனிக்குழாய் போட்டவர்கள், அதற்குப் பொதுப்பணத்தை ஒதுக்கினவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். தொட்டியைக் கழுவி மருந்து போட்டுவிட்டால் போதாது. ஊரும் சேரியும் ஒரே தொட்டியில் குடிக்கட்டும். அப்புறம் பாருங்க, அந்தத் தொட்டிக்குப் பூட்டும் காவலும் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு.