பனிக்காலத்தில் ஒரு முகூர்த்தம்

ஹைதராபாத்தில் கல்யாணத்துக்கு ஏற்ற பருவம் எது என்று வானிலைக்காரர்களைக் கேட்டால், டிசம்பர், ஜனவரி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். பகலில் 28, 29 டிகிரி. விடியற்காலையில் 14, 15. மழை அநேகமாகக் கிடையாது. இதே ஊரில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடும். பட்டுப்புடவையும் ஓமப் புகையுமாக ஆயிரம் பேர் ஒரு மண்டபத்துக்குள் அந்த வெயிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் பனிக்காலத்தின் அருமை தெரியும்.

பஞ்சாங்கம் இதை ஒப்புக்கொள்வதில்லை. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. தெலுங்கர்களுக்கு அதுவே தனுர் மாதம். பொங்கல் வரைக்கும் இரு தரப்பிலும் தாலி கட்டும் பேச்சே இல்லை.

ஹைதராபாத்தின் பாலாநகர்வாசிகளுக்கு இந்த இரு தரப்புக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1960-களில் ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலை, எச்.ஏ.எல். என்று பொதுத்துறை நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அவற்றை நம்பி லேத் பட்டறைகளும் டூல் ரூம்களும் பெருகின. வேலை தேடி வந்த பல மாநிலத்தவர் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் தமிழ் மாப்பிள்ளைக்குத் தெலுங்குப் பெண் என்பது சகஜமாகிவிட்டது. சிக்கல் நாள் பார்க்கும்போது வரும். தமிழர் மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. தெலுங்கர் மாதம் அமாவாசை முடிந்து பிறக்கிறது. அவர்களுடைய கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே தொடங்கிவிடும். நம் கார்த்திகை பிறக்க நவம்பர் நடுப்பகுதி ஆக வேண்டும்.

போதாக்குறைக்கு மூடம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளியோ வியாழனோ சூரியனை ஒட்டிப் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் காலம் அது. தெலுங்கு வீடுகளில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள். 2026 ஜனவரி 6 அன்று வெள்ளி சூரியனுக்கு நேர் பின்னால் இருந்தது. அதை ஒட்டி, 2025 நவம்பர் கடைசியில் தொடங்கிய சுக்ர மூடம் பிப்ரவரி நடுவில்தான் விலகியது. தெலுங்கர்கள் கல்யாணத்துக்கென்றே காத்திருக்கும் மாக மாதம் முழுவதும் அதில் போயிற்று. தமிழ்க் காலண்டர்களிலோ தை முகூர்த்தங்கள் வழக்கம்போல அச்சாகியிருந்தன. ஒரே சுவரில் இரண்டு காலண்டரும் தொங்குகிற வீட்டில் யார் விட்டுக்கொடுப்பது?

வெள்ளியின் இந்த ஓட்டம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும். 2018 ஜனவரியிலும் இதே கதைதான். இனி 2034 ஜனவரியிலும் வரும். இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அப்பா இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம்!

மனிதர்களுக்கு மூடிய கதவு சாமிகளுக்குத் திறந்தே இருக்கிறது என்பது இதில் வேடிக்கை. சித்திப்பேட்டை மாவட்டத்துக் கொமுரவெல்லியில் மல்லண்ணா சாமியின் கல்யாணம் மார்கசிர மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பல ஆண்டுகளில் அந்த ஞாயிறு தனுர் மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். சங்கராந்தி முடிந்த முதல் ஞாயிறு அங்கே ‘பட்டணம் வாரம்’. ஹைதராபாத்காரர்கள் திரண்டு போய், ‘பட்டணம்’ என்கிற வண்ணப்பொடிக் கோலம் போட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். ஆண்டாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று திருக்கல்யாணம். தெலுங்கு நாட்டு வைணவக் கோயில்களில் அதே ஆண்டாளுக்குப் போகியன்றே கோதா கல்யாணம் ஆகிவிடுகிறது.

நாள் அமைந்துவிட்டாலும் பனிக்காலத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. மல்லிகை முதல் தொல்லை. குளிரிலும் பனியிலும் மொட்டு பிடிப்பது குறைந்துவிடும். மதுரையில் கிலோ 2,000, 3,000 என்று விலை ஏறுவது ஆண்டுதோறும் வரும் செய்தி. சாமந்தி அதற்கு நேர்மாறு. பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஹைதராபாத்தின் குடிமல்காபூர் பூ மார்க்கெட்டில் இந்த மாதங்களில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தியும், பக்கத்திலேயே செண்டுமல்லியும் மலையாய்க் கிடக்கும். பந்தலுக்கும் மாலைக்கும் அவற்றை எடுத்துக்கொண்டு, பெண்ணின் தலைக்கு மட்டும் மல்லிகை வாங்குகிற வீடுதான் கணக்குத் தெரிந்த வீடு.

சமையல்காரரின் கவலை தயிர். கோடையில் சீக்கிரம் புளித்துவிடும் தயிர் ஜனவரி இரவில் லேசில் தோயாது. அண்டாவைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் நகர்த்தி வைப்பார்கள். பந்தியில் சாம்பார் இலைக்கு வருவதற்குள் ஆறிப்போனால் திட்டும் அவருக்குத்தான்.

ஊரிலிருந்து வருகிறவர்களையும் யோசிக்க வேண்டும். தக்காணம் வறண்டு கிடக்கும் நவம்பர், டிசம்பரில்தான் சென்னைக்கும் கடலூருக்கும் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. ரயில்கள் பல ரத்தாயின. தமிழ்நாட்டு உறவு பாதிக்கு மேல் வரவேண்டிய கல்யாணத்துக்குத் தைதான் பத்திரமான மாதம்.

இனி நேரம். தெலுங்கு முகூர்த்தம் நள்ளிரவிலும் அமையும். தமிழ் வீட்டாருக்கு விடியற்காலை நாலரை, ஆறு என்றால் பெருமை. ஜனவரி ஹைதராபாத்தில் இரண்டுமே நடுங்க வைக்கும். பாலாநகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பேகம்பேட்டில் 1946 ஜனவரி 8 அன்று 6.1 டிகிரி பதிவாகியிருக்கிறது. அவ்வளவு குளிர் அபூர்வம். ஆனால் எண்பது வயதுத் தாத்தாவுக்குப் பதினான்கு டிகிரியே அதிகம். திறந்த புல்வெளியில் பந்தல் போட்டுவிட்டு, அவரை மூன்று மணிக்கு எழுப்பி வெந்நீர் வைத்துக் கொடுத்தால் மட்டும் போதுமா?

முகூர்த்தமே பார்க்காதவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சுயமரியாதைத் திருமணங்கள் ராகு காலம் பார்த்தே நடந்த காலம் உண்டு. அவற்றைச் செல்லும்படியாக்கிய 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாட்டுக்குரியது. ஹைதராபாத்தில் உள்ளவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் மார்கழியிலும் மணம் முடிக்கலாம். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கும் சமையலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அடித்துக்கொள்ளும் ஊர் அந்த மாதத்தில் காலியாகக் கிடக்கும்.

வரும் பனிக்காலத்துக்கு நாள் பார்க்கும் நேயர்கள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டிவிடுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் முகூர்த்தம் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பத்திரிகையில் ‘சால்வை கொண்டுவரவும்’ என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அச்சகத்தில் தனிக் காசு கேட்க மாட்டார்கள்.