கடவுளை ‘நீ’ என்கிறோம்

தமிழில் கடவுளைப் பெரும்பாலும் ‘நீ’ என்றே அழைக்கிறோம். தேவாரம் பாடியவர்களும் பல பாடல்களில் அப்படித்தான் அழைத்தார்கள். இன்று சன்னதியில் கண்மூடி முணுமுணுப்பவர்களும் அப்படித்தான். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் ‘வாங்க’, ‘வாப்பா’, ‘வாடா’ என்று சொல் ஆள் பார்த்துப் பிரிந்துவிடுகிறது. வயது, வேலை, சாதி, காசு எல்லாவற்றையும் ஒரு விகுதியிலேயே எடைபோடுகிற மொழி நம்முடையது. ஆண்டவன் முன் எல்லோரும் சமம் என்பதை எந்தப் பக்தரும் மறுக்கமாட்டார். அந்தச் சமத்துவம் ஏன் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது?

உள்ளேயே அது முழுசாக இருந்ததில்லை என்பதுதான் என் எண்ணம். பெரியபுராணத்தில், சேரியில் பிறந்த நந்தனார் தில்லைக் கோயிலுக்குள் போவதற்கு முன் தீயில் மூழ்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது மார்பில் பூணூல் இருந்தது. பாணர் குலத்தவராகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வாரோ தம் காலால் நடந்து அரங்கனிடம் போகவில்லை. லோகசாரங்க முனிவரின் தோளில் போனார். உருகவைக்கும் கதைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றில் ஆளின் உடம்பு மாறுகிறது, மற்றதில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உள்ளே விடாத விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நந்தனாரின் சேரிக்காரர்களுக்கும் கதவு திறந்ததாகக் கதை சொல்லவில்லை. அருள் ஒருவருக்குக் கிடைத்தது. அந்தஸ்து ஊரிடமே இருந்தது.

ஆளுக்கொரு பொறுப்பு இல்லாமல் சமூகம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நடக்காதுதான். அர்ச்சகர் ஒருவர், ஓதுவார் ஒருவர், நாதஸ்வரம் வாசிப்பவர் ஒருவர் வேண்டும். நீதிபதியைக் கண்டு எழுந்து நிற்பதிலும் தவறில்லை. அவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் காய்கறிக் கடைக்குப் போனால் அவரும் ஒரு வாடிக்கையாளர். வேலை முடிந்ததும் கழற்ற முடிவது பொறுப்பு. பிறப்பால் வந்த மேல்கீழைக் கழற்ற முடியாது, வீடுவரை கூடவே வரும். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதில்தான் சிக்கல். அதை அவிழ்க்கத்தான் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 1970இல் நிறைவேற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. ஆனால் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமங்களின்படியே நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களை அரசு ஒரே நேரத்தில் பணியமர்த்தியது 2021இல். நடுவே ஐம்பது ஆண்டுகள்.

சட்டம் வந்தால் பழக்கம் தானே மாறிவிடும் என்பாரும் உண்டு. பொறுப்பைச் சட்டம் தரும். மரியாதையை எதிரில் நிற்பவர்தான் தரவேண்டும். அதை அவர் எப்படி மறுக்கிறார் என்பது கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. ஒருவர் உள்ளங்கையில் விபூதியை வைக்கும் விரல், அடுத்தவருக்கு ஒரு சாண் உயரத்திலிருந்தே அதைப் போடும். கேட்டால், கை நடுங்கியது என்று சொல்லிவிடலாம். எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது?

கோயிலுக்கு வெளியேயும் இதே கதைதான். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சிலமுறை வேட்புமனுப் போடவே ஆளில்லை. சிலமுறை ஊரின் ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் வென்று, பதவியேற்ற கையோடு விலகினார். நாற்காலி இருந்தது, சட்டம் இருந்தது. தலைவர் ஒருவர் அதில் நிலைத்து உட்கார 2006 ஆயிற்று.