முத்திரிக் கிணறும் பங்காளி நிலமும்

அய்யா துணை.



சுவாமிதோப்புத் தலைமைப்பதிக்குப் போகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் முத்திரிக் கிணறு. அங்கே நீராடி, அந்தத் தண்ணீரைப் பதமாகப் பருகிய பிறகே பதிக்குள் நுழைவது வழக்கம். ஒருவர் இறைத்த கிணற்றில் இன்னொருவர் வாளி இறக்கக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூர் நாட்டில், பதினெட்டுச் சாதியாரும் ஒன்றாக வந்து குளிக்க அய்யா வைத்த கிணறு அது. அதில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று அய்யா பிரித்து வைக்கவில்லை.

ஓசூர், பாகலூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பங்காளிச் சண்டை வெடிக்கிற இடமும் பல வீடுகளில் கிணற்று மேடுதான்.

இங்கே முன்பு ராகியும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்துக்கு அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டது குறைவு. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த அன்பர்களும் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. ஏக்கர் கணக்கில் பேசிய வாய் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கியது. அதோடு வீட்டுக்குள் கலியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று ஏக்கர், ஒரு கிணறு. பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடக்கிறது. இலவச மின் இணைப்பு மூத்தவர் பெயரில். மூத்தவர் ஊரிலேயே இருந்து தக்காளியும் ரோஜாவும் போட்டுக் காலம் தள்ளுகிறார். இளையவர் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். தங்கையை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கலில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரோட்டு முகப்பு தனக்கு வேண்டும் என்கிறார் இளையவர். “இருபது வருஷம் இந்த மண்ணில் நான் வேர்வை சிந்தினேனே, அதற்கு என்ன கணக்கு?” என்கிறார் மூத்தவர். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. பேச்சு முற்றியதும் மோட்டார் அறைக்குப் பூட்டு விழுகிறது. மறுநாள் வண்டித்தடத்தை யாரோ உழுதுவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்கிய செய்தி வருகிறது. இவ்வளவும் நடக்கும்போது தங்கையை ஒருவரும் கூப்பிடவே இல்லை.

அகிலத்திரட்டைக் கேட்டவர்களுக்கு இது புதிய கதை அல்ல. குறோணி ஆறு துண்டமாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டமும் ஒவ்வொரு காலத்தில் பிறந்தது. துவாபர யுகத்தில் அது துரியோதனனாக வந்தது. அவன் செய்த பெரிய குற்றம் என்ன? பங்காளிக்குப் பங்கு கொடுக்க மறுத்தான். மாயோனே தூது போய்ப் பாதி நாடு கேட்டார். பிறகு ஐந்து ஊர் கேட்டார். கடைசியில் ஐந்து வீடாவது கொடு என்றார். அதையும் இல்லை என்றான். கடைசித் துண்டமாகிய கலியன் கொம்பும் கோரைப்பல்லும் வைத்துக்கொண்டு வருவான் என்று பார்த்திருந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். “அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சே” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது அவன் குரல் நன்றாகவே கேட்கிறது.

கல்யாணச் சீர் செய்ததால் பெண்ணின் பாகம் தீர்ந்துவிடாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கர்நாடகத்தில் அதேபோன்ற சட்டம் 1994 ஜூலை 30-இல் வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். மணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் அதோடு போயிற்று. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இதை 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிவு செய்து பிரித்துக்கொண்ட பாகத்தை இதை வைத்துக் கிளற முடியாது.

தங்கை தானாக மனமுவந்து “எனக்கு வேண்டாம் அண்ணா” என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது அவர் விருப்பம். காலையில் போன் செய்து வரச்சொல்லி, சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு சேலையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“அய்யா பொறுக்கச் சொல்லியிருக்கிறார், நீ பொறுத்துப் போ” என்று தங்கையிடம் சொல்கிறவர்களும் உண்டு. அய்யா பொறுமையைப் போதித்தது உண்மை. சிங்காரத்தோப்புச் சிறையில் அத்தனை பாடுகளையும் பொறுத்தார். ஆனால் தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதைத்தான் தர்மம் என்று வைத்தார். பங்கைக் கையில் வைத்திருப்பவர், பங்கு கேட்பவரிடம் பொறுமை கேட்பதற்கு அய்யாவின் பெயரை எடுக்கக் கூடாது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று போதும். 1938-இல் ஒருவர் ஏலத்தில் எடுத்த சொந்தச் சொத்து. அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் 1967-இல் பிள்ளையின்றி இறந்தார். பின்பு அந்தச் சொத்து யாருக்கு என்ற கேள்வி வந்தது. ஏலத்தில் எடுத்தவரின் தம்பிக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். அந்த மகள்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு 1991-இல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் இல்லை என்றது, உயர் நீதிமன்றமும் இல்லை என்றது. 2022 ஜனவரி 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கு உண்டு என்றது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்பது வழக்கின் பெயர். தீர்ப்பின் தலைப்பிலேயே மேல்முறையீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில், இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம் என்று எழுதியிருக்கிறது. வழக்கு நடந்தது முப்பத்தொரு வருஷம்.

பாகப்பிரிவினை வழக்கு முதல் தீர்ப்போடு முடிவதும் இல்லை. யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். பிறகு வக்கீல் கமிஷனர் நிலத்துக்கு வந்து, சர்வேயரை வைத்து அளந்து, எந்த மூலை யாருக்கு என்று அறிக்கை கொடுத்து, அதன்மேல் இறுதித் தீர்ப்பு வரவேண்டும். அந்த அளவையை வீட்டில் உள்ளவர்களே முதலில் வைத்துக்கொண்டால் என்ன?

முதலில் வாரிசுச் சான்று. அதில் பெயருள்ள எல்லோரும், பெண்கள் உட்பட, ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். நிழல் தாங்கல் முற்றத்திலும் உட்காரலாம். பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. அதன் முன் நின்று நாமம் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தால் குரல் கொஞ்சம் தாழும். அளந்த பிறகே பேச வேண்டும். முகப்பு வேண்டுமென்பவர் பரப்பில் குறைத்துக்கொள்ளலாம். நிலத்தைத் திருத்தி மரம் வைத்தவருக்கு அந்த மரம் நிற்கும் பக்கத்தையே ஒதுக்கலாம். ஒத்துப்போனதும் பத்திரமாகப் பதிந்துவிட வேண்டும். துண்டுத் தாளில் எழுதி வைத்த கூர்சீட்டை நம்பிப் பேரப்பிள்ளைகள் காலத்தில் அல்லாடுகிற குடும்பங்கள் எத்தனையோ. குடும்பத்தாருக்குள் பிரிக்கும் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஒன்று. 2023 ஜூலை முதல், ஒரு பாகத்துக்கு முத்திரைத்தீர்வை 40,000 ரூபாய்க்கும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாது என்று உச்சவரம்பு இருக்கிறது. பத்திரம் முடிந்த கையோடு உட்பிரிவுக்கு மனு கொடுத்துத் தனிப்பட்டா வாங்கிவிட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கமும் நிலம் இருந்தால் பஹணியில் பெயர் மாற்றுவது தனி வேலை. அதை மறந்துவிடக் கூடாது.

விற்கத்தான் வேண்டும் என்கிறவர் முதலில் உடன்பிறந்தாரிடம் கேட்க வேண்டும். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்து பிள்ளைகளுக்கு வந்த நிலத்தில் ஒருவர் தம் பங்கை விற்றால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீட்டில் முடியவில்லை என்றால் நீதிமன்றம் போவது பாவமில்லை. போனவர்களும் சமரச மையத்தையோ மக்கள் நீதிமன்றத்தையோ கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் எல்லோரும் ஒப்பி முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

கடைசியில் மீண்டும் கிணறு. பத்திரம் எழுதும்போது கிணறு, மோட்டார் அறை, வண்டித்தடம் மூன்றையும் பொதுவில் வைக்க வேண்டும். தடம் எத்தனை அடி அகலம், மோட்டார் காயில் எரிந்தால் செலவு யார் யாருக்கு எவ்வளவு, தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள் என்பதையெல்லாம் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் தண்ணீர் எல்லோருக்கும் என்றும் ஒரு வரி வேண்டும். தங்கைக்கும் ஒரு நாள் எழுத வேண்டும். அவர் ஆனேக்கலில் இருந்தால் என்ன? அந்த நாள் தண்ணீரை எந்த அண்ணன் வயலுக்குத் திருப்பிவிடுவது என்று அவரே சொல்லட்டும்.

அய்யா உண்டு.