முன்வரிசையில் நித்திரை

சில வருடங்களுக்கு முன்பு, பனிக்காலச் செவ்வாய்க்கிழமை இரவொன்றில், வட லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் நாடகம் பார்க்கப் போயிருந்தேன். காலையிலிருந்து றெஸ்ரோரன்ற் குசினியில் நின்றுவிட்டு நேரே வந்தவன். பார்வையாளர் ஒன்பது பேர், நடிகர் நான்கு பேர். முன்வரிசைக் கதிரையிலிருந்து காலை நீட்டினால் அது மேடையில் இருக்கும். அறையின் சூட்டுக்கு எனக்குக் கண் சொருகிவிட்டது. விழித்தபோது, வசனம் பேசிக்கொண்டிருந்த நடிகை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. பார்த்தார், தொடர்ந்து பேசினார், அவ்வளவுதான். அதன் பிறகு நான் நித்திரை கொள்ளவில்லை. நாடகத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. களவெடுத்துப் பிடிபட்டவனைப் போல இருந்தேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் செய்த குற்றம் என்ன? ரிக்கற்றுக்குக் காசு கொடுத்தவன். பெரிய அரங்கொன்றில் ஆயிரம் பேருக்கு நடுவே நித்திரை கொண்டிருந்தால் அது என்னுடைய நட்டம், வேறெவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது பேரில் ஒருவன் நித்திரை கொண்டால்? காசு கொடுத்தாயிற்று என்ற பதில் ஏன் அந்த அறைக்குள் செல்லுபடியாகவில்லை?

இவ்வகை அரங்கை இங்கே ‘ஃபிறிஞ்ச்’ என்கிறார்கள். ஓரம், விளிம்பு என்று பொருள். 1947இல் எடின்பறோவில் முதலாவது சர்வதேச விழா நடந்தபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடங்களில் நடித்தன. மறுவருடம் றொபேட் கெம்ப் என்ற ஸ்கொற்லாந்து நாடகாசிரியர் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து இந்த ‘ஓரம்’ பெயராக ஒட்டிக்கொண்டது. 1963இல் அதே நகரில் ட்றவேர்ஸ் அரங்கு அறுபது இருக்கைகளோடு தொடங்கியது. நடிப்பு நடுவில் நடந்தது. பார்வையாளர் இருபுறமும், ஒருவரையொருவர் நோக்கியபடி இருந்தார்கள். அக்காலத்தில் பிரித்தானியாவில் பொதுமேடைக்கு வரும் புதிய நாடகங்கள் லோட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதியைப் பெறவேண்டும். 1737 முதல் இருந்துவந்த தணிக்கை அது. அங்கத்தவருக்கு மட்டுமான கழகம் என்ற போர்வையில் சில சிறு அரங்குகள் அதிலிருந்து நழுவிக்கொண்டன. 1968இல் அந்தத் தணிக்கை ஒழிந்தது. 1970இல் டான் குறோஃபோட் என்ற அமெரிக்கர், லண்டன் இஸ்லிங்ரனில் ‘கிங்ஸ் ஹெட்’ என்ற பப்பின் பின்னறையை நாடக அரங்காக்கினார். முன்னால் பியர், பின்னால் நாடகம். 1971இல் நாட்டின் நாணயமுறை மாறிய பிறகும் பல்லாண்டுகளாக அங்கே பழைய சிலிங் கணக்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய அறைகளின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்று கேட்டால் ‘நெருக்கம்’ என்பார்கள். அது பாதிப் பதில்தான். வேலை முடிந்து வரும் ரயிலிலும் நெருக்கம் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. சிறு அரங்கில் பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறான். எழுந்து போனால் தெரியும். சிரிக்காவிட்டால் தெரியும். மட்டக்களப்பு வட்டக்களரியைச் சுற்றி இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. கூத்தாடுபவருக்கு அப்பால், எதிரே இருப்பவரின் முகமும் தெரியும். படச்சட்ட மேடையும் இருட்டாக்கிய மண்டபமும் ஒளிந்திருந்து பார்க்கும் வசதியை எங்களுக்குத் தந்தன.

புலம்பெயர்ந்த எங்களுக்கு அந்த வசதி நன்றாகப் பழகிப்போய்விட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலின் காட்சிகளைச் சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அழுதோம், ஊர்வலம் போனோம், அதெல்லாம் உண்மை. ஆனால் திரையில் இருந்தவர் எவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்கப்படுவது எப்போதும் நல்லதுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யார் கை தட்டினார், யார் தட்டவில்லை என்று கணக்கெடுத்த மண்டபங்களும் எங்களுக்குத் தெரியும். அங்கே கண்காணிப்பு இருந்தது. கண்காணிக்கும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கை இருக்கும். அந்த நடிகையால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் எழுந்து போயிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம் வந்தது. வற்புறுத்த வலுவில்லாத ஒருவரின் முன்னால் வரும் வெட்கத்தையே நான் அறம் என்று சொல்ல விரும்புகிறேன். சிறு அரங்கு அதைச் சாத்தியமாக்குகிறது.

ஆனால் இதற்கொரு விலை உண்டு. அன்று நாடகம் முடிந்ததும் அதே நடிகை கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நாளைக்குக் காலை ஆறு மணிக்கு எனக்குக் கோப்பிக்கடையில் வேலை. என்னாலும் முடிந்தால் நித்திரை கொண்டிருப்பேன்” என்று சிரித்தார். சம்பளம் இல்லை, வசூலில் பங்கு. ஒன்பது ரிக்கற்றில், அறை வாடகையும் போக, என்ன பங்கு வரும்? அன்று கோப்பை கழுவிய எனக்கு மணித்தியாலக் கூலி கிடைத்தது. 1999இலிருந்து இங்கே குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் இருக்கிறது. வசூல் பங்கு என்ற ஏற்பாடு பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுகொள்கிறது.

இந்த ஏழ்மையை நாம் ஓர் அழகாக ரசிக்கப் பழகிவிட்டோம். கூலியில்லாமல் மாதக்கணக்கில் நடிக்க யாரால் முடியும்? லண்டனில் பெற்றோருக்கு வீடு உள்ளவரால் முடியும். நேற்று வந்த அகதியால் முடியாது. தணிக்கை மூடிய கதவைத் திறந்த அறை, வாடகைக் கணக்கால் இன்னொரு கதவை மூடுகிறது.

இதை எழுதும் நானும் கூலி வாங்குவதில்லை. இச்சஞ்சிகையை ஒப்புநோக்கித் தபாலில் சேர்ப்பவர்களும் வாங்குவதில்லை. அப்படியானால் என்ன வித்தியாசம்? எல்லோரும் சேர்ந்து நட்டப்படும் இடத்தில் அது கூட்டுழைப்பு. ஒருவர் வருமானம் பெற மற்றவர் தியாகம் செய்யும் இடத்தில் அது சுரண்டல். கோடு இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அறையிலும் அது நேராக ஓடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறோஃபோட் 2005இல் காலமானார். 2024 தொடக்கத்தில் கிங்ஸ் ஹெட் அரங்கு பழைய பின்னறையை விட்டு, பக்கத்திலேயே நிலத்தடியில் புதிதாகக் கட்டிய பெரிய இடத்துக்குப் போய்விட்டது. பழைய அறையை நினைத்து வருந்துவது சுலபம். எனக்கு அந்த வருத்தம் அதிகமில்லை. இருக்கை கூடினால் ரிக்கற் கூடும். நடிப்பவருக்குக் கூலி கொடுக்க ஒரு வழி பிறக்கலாம். எத்தனை இருக்கை வரை கூட்டலாம் என்று கேட்டால், நித்திரை கொள்பவனின் முகம் மேடையில் நிற்பவருக்குத் தெரியும்வரை என்பேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, திரும்பவும் அந்த மேல்மாடிக்குப் போனேன். பதினொரு பேர் இருந்தோம். நாடகம் அப்படியொன்றும் சிறந்ததல்ல. முடிந்த பிறகு கதிரைகளை அடுக்க நானும் நின்றேன்.