மடியில் ஒளிக்காதீர்கள், எடுத்து அடியுங்கள்!

சபையில் டப்பியைத் தட்டி மூக்குப்பொடி உறிஞ்சக் கூசாத ஊர் நம் உசிலம்பட்டி. டீக்கடை வாசலில் பீடி பற்ற வைக்கவும் யாரும் வெட்கப்படுவதில்லை. மூச்சுக்கு மருந்து உறிஞ்சுகிற இன்ஹேலரை மட்டும் வேட்டி மடியிலும் சேலை முந்தியிலும் ஒளிக்கிறோம். ஐம்பது வயசு அண்ணன் கல்யாண மண்டபத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'பம்பு' அடிக்கிறார். யாருக்குப் பயந்து? "அவருக்கு இளைப்பாம்ல" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களாம். சொல்லட்டுமே! சர்க்கரைக்காரருக்கு இல்லாத அவமானம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இந்த வெட்கம் ஆளைக் கொல்கிறது. உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள்; ஆஸ்துமாச் சாவிலோ நம் பங்கு சுமார் 42 சதவீதம் என்கிறது உலக நோய்ச்சுமை ஆய்வு. நம் நுரையீரல் என்ன மட்டமா? மருந்தை முறையாக இழுக்காததுதான் பெரிய கோளாறு.

"பம்பு கடைசிக் கட்டத்துக்கு, அடிச்சாப் பழகிரும், மாத்திரைதான் லேசு" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கையை நடுங்க வைத்துவிட்டு மூச்சுக்குழாய்க்கு வருகிறது. பம்பு நேரே போகிறது. எது லேசு?

சால்பியூட்டமால் இருக்கும் நீல பம்பு சுருங்கிய குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும், அவ்வளவே. உள்ளே இருக்கும் வீக்கத்தை வற்ற வைப்பது, டாக்டர் தினமும் அடிக்கச் சொல்கிற ஸ்டீராய்டு பம்பு. "இப்ப நல்லாத்தான இருக்கு" என்று அதை நிறுத்துகிறவர்தான் மார்கழிப் பனியில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடுகிறார். தூதுவளை ரசம் வையுங்கள், ருசியாக இருக்கும். பம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடிப்பதிலும் முறை உண்டு. குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். கை பழகாத அப்பத்தாவுக்குப் பம்போடு மாட்டுகிற ஸ்பேசர் குழல் இருக்கிறது.

உங்கள் மகன் பனியனில் போட்டுத் திரிகிற சே குவேரா, இரண்டு வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். சியாரா மாயிஸ்திரா மலையில் இழுப்போடுதான் ஏறினார். இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப், பள்ளிப் பருவத்திலேயே ஆஸ்துமா வந்தவர். 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்து, பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். பம்பை ஒளித்து வைத்து ஓடவில்லை, பயன்படுத்தித்தான் ஓடினார். உங்களுக்குச் சந்தைக்குப் போய்வர மூச்சு இருந்தால் போதாதா?

"வயசாச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். ஆஸ்துமா நாற்பதுக்கு மேலும் புதிதாக வரும். பீடியும் அடுப்புப்புகையும் தந்த வேறு நுரையீரல் நோயாகவும் இருக்கலாம், இதயக் கோளாறாகவும் இருக்கலாம். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. பஸ் ஏறுங்கள். ஸ்பைரோமெட்ரி என்று ஒரு குழாயை வாயில் வைத்து, முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். முப்பது வருஷமாக வீட்டுக்காக விறகடுப்பை ஊதிய மதினி, உங்களுக்காக இந்த ஒரு குழாயை ஊத மாட்டீர்களா?