வீரனின் முகமும் பெண்ணின் கண்ணும்

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ஒரு படம். கால்பந்து வீரர் ஒருவரின் முகம். மகளின் பாடநூலுக்குள் இருந்ததாம். "பெண்பிள்ளைக்கு இது தகுமா ஹஜ்ரத்? நன்றாகக் கண்டித்துவிட்டேன்" என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவருக்கு நாம் தரும் விடை.

ஆணின் முகத்தில் பெண் அழகைக் காண்கிறாள் என்பது புதுச் செய்தி அன்று. யூசுப் நபி (அலை) அவர்களைக் கண்ட எகிப்து நாட்டு மாதர் கத்தியால் தம் கைகளையே அறுத்துக்கொண்டதைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னே நிறுத்தி, அவர்களுக்குச் சலிப்புத் தட்டும்வரை பார்க்கச் செய்தார்கள். கண் தெரியாத ஒரு தோழர் வந்தபோது தம் மனைவியரைத் திரைக்குப் பின் செல்லுமாறு கூறிய ஹதீஸும் உண்டு. ஆதலால் இமாம்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எனினும் இச்சையோடு நோக்குவது கூடாது என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். பார்வையைத் தாழ்த்துமாறு 24ஆம் அத்தியாயம் இடும் கட்டளை முதலில் ஆண்களுக்கு. அதன் பின்னரே பெண்களுக்கு. அந்த வரிசையை நாம் மறந்துவிடுகிறோம்.

விளையாட்டு வீரனின் முகம் பெண்களைக் கவர்வது ஏன்? இதனை ஆராய்ந்தோரும் உளர். 2012ஆம் ஆண்டு டூர் தி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியை ஓட்டி முடித்த 80 வீரர்களின் முகப்படங்களை, சூரிச் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எரிக் போஸ்ட்மா என்னும் ஆய்வாளர் பலருக்கும் காட்டி மதிப்பிடச் செய்தார். முடிவு 2014இல் வெளிவந்தது. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று அறியாமலே, சிறப்பாக ஓட்டியவர்களின் முகங்களையே பெண்கள் சற்று அழகியவை என்றனர். ஆக, உடலின் ஆற்றலைப் பற்றி முகம் ஏதோ ஒன்றைச் சொல்லக்கூடும். குணத்தைப் பற்றியோ அது ஊமை.

அம்முகத்தின்மீது கொள்ளும் மயக்கமும் நிலையானதன்று. 1960 ஜனவரியில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிராக ஐதராபாத் வீரர் அப்பாஸ் அலி பெய்க் அரைச்சதம் அடித்தார். ஓர் இளம்பெண் மைதானத்துக்குள் ஓடி வந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். நாடே அதைப் பேசிற்று. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய பாகிஸ்தான் தொடரில் அவர் ஓட்டம் சேர்க்கத் தவறினார். உடனே அவரது நாட்டுப்பற்றையே ஐயுற்று வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் முகம் மாறவில்லை. பார்த்தவர்களின் கண் மாறிற்று.

அப்படியாயின் பெண்ணின் கண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாமா? அதுவும் தவறு. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறையில்லை என்று கூறிக்கொண்டே பிரிவு வேண்டினார்கள். அவரது தோற்றம் மனத்துக்கு ஒவ்வாததே காரணம் எனச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெண்மணியை எள்ளவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து விடுவித்தார்கள். ஜுலைபீப் (ரலி) அவர்களோ தோற்றப் பொலிவு இல்லாதவர். அவருக்குப் பெண் கொடுக்கப் பெற்றோர் தயங்கினர். மகளே முன்வந்து சம்மதித்தாள். ஒருத்தி முகத்தை ஏற்கவில்லை. மற்றொருத்தி முகத்தைப் பொருட்படுத்தவில்லை. இரண்டிலும் முடிவு செய்தவள் பெண்ணே.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரையூர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். தன் வீட்டில் நாள்தோறும் காணவிருக்கும் முகத்தைப் பற்றி அவளிடம் கேட்க நமக்கு நாணம்! பெண்ணின் நிறத்தையும் மூக்கையும் பல்வரிசையையும் எடைபோட மாப்பிள்ளை வீட்டாருக்கோ நாணமே இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்கரையில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் வாங்கியவரின் நசீபு. தூத்துக்குடியில் 1961க்குப் பின் அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. திறவாமல் ஏலம் எடுக்கும் வழக்கம் நம் திருமணங்களில் இன்னும் நிற்கவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். நம் மூத்த மகளிடம் நாம் சம்மதம் கேட்டது, நிக்காஹ் நாளும் குறித்தாகிவிட்ட பிறகே. அவள் மௌனமாக இருந்தாள். கன்னியின் மௌனம் சம்மதம் என்ற சட்டத்தை நாம் மாணவர்களுக்குப் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று அவளிடம் இன்றுவரை கேட்டதில்லை.

ஆகவே நண்பருக்கு நாம் கூறுவது இதுதான். படத்தைப் பாடநூலுக்குள் வைத்ததை நாம் மெச்சவில்லை. ஆயினும் அவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அம்முகத்தில் அவள் எதைக் கண்டாள் என்று அவள் உம்மா பரிவோடு கேட்கட்டும். முகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை எடுத்துச் சொல்லட்டும். நாளை அவளுக்கு வரன் பேசும்போது, நாள் குறிக்குமுன் நீங்களே அவளிடம் கேளுங்கள். அவள் மௌனமாக இருந்தால் இன்னொரு முறையும் கேளுங்கள்.